முடிவு தெரிந்த காதல் கதைகள் ஏன் சலிப்பதில்லை?

முடிவு முன்பே தெரிந்திருந்தும் காதல் நாடகங்களை மக்கள் ஏன் அலுக்காமல் பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுக்கு அருகே, மகாபாரதக் கதையை விடிய விடிய ஆடும் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில், முடிவு தெரிந்திருப்பதால்தான் பார்க்கிறார்கள் என்பேன்.

கர்ண மோட்சம் நடக்கும் இரவில், கர்ணன் மாளப்போகிறான் என்பது சாக்கு விரித்து முன்வரிசையில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் களத்துக்குப் புறப்படுகிறவனை அவன் மனைவி பொன்னுருவி மறித்து அழும் இடத்துக்காகவே கூட்டம் கண்விழிக்கிறது. தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று ஒருகாலத்தில் அவனை இகழ்ந்தவள் அவள். (பிறப்பு எப்படிக் குறுக்கே நிற்கும் என்பதை எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.)

இந்தச் சுவை நமக்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தின் எட்டுத்தொகையில் ஐந்து நூல்கள் முழுவதும் அகம், அதாவது காதல் பாடல்கள். அவற்றின் ஐந்து திணைகளில் கூடலுக்கு உரியது குறிஞ்சி ஒன்றே, மற்ற நான்கும் காத்திருப்பும் ஊடலும் இரங்கலும் பிரிவுமாகவே கழிகின்றன. தலைமக்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததால், கேட்கிற எவரும் அந்த இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க முடிகிறது. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானைப் பாடியவராக அறியப்படும் ஔவையாரின் பெயரில் குறுந்தொகையில் 28ஆம் பாடல் இருக்கிறது. அதில் ஒருத்தி, தன் காதல் நோய் அறியாமல் தூங்கும் ஊரை முட்டுவேனா, தாக்குவேனா என்று தவிக்கிறாள். கூத்துக்களத்திலோ அந்த ஊரே தூங்காமல், ஒருத்தியின் துயரத்துக்காக விடியும்வரை உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் வாய்விட்டு அழ முடியாதவர்கள் அங்கே அழுதுகொள்ளலாம், யாரும் காரணம் கேட்பதில்லை. இதே பிரிவை ஆண்டுக்கணக்கில் இழுக்கும் தொலைக்காட்சித் தொடர்கள் எனக்குப் பொறுமையைச் சோதிப்பவை. இருந்தாலும் அவற்றுக்கு ஆள் குறையாததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒருமுறை கூத்து முடிந்த காலையில், பொன்னுருவி வேடம் கட்டியவர் காதோரம் அரிதாரம் போகாமல் டீக்கடையில் நின்றிருந்தார். எங்கள் ஆயா அவரிடம் போய், “நீ அவன அனுப்பியிருக்கக் கூடாதும்மா” என்றார். அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “போகாதீங்கன்னுதான் சொன்னேன் ஆயா, எங்க கேட்டாரு” என்றார்.