தாலாட்டில் ஆடுவது எது? – கேள்வி பதில்

அழுகிற பிள்ளையை அமர்த்தப் பாடும் பாட்டுக்குத் தாலாட்டு என்று பெயர் வந்தது எப்படி? கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

விருதுநகர்: டீச்சர், தொட்டிலை ஆட்டுவதால்தானே தாலாட்டு?

இல்லைங்க. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. எங்கள் அப்பத்தா தூளியை விலக்கி உள்ளே குனியும். முதலில் சொல்லே இருக்காது, 'உளுளுளு, ரோரோரோ' என்று நாக்கை உருட்டும். முன்பல்லுக்குப் பின்னால் நுனிநாக்கு படபடப்பது தெரியும். வீறிட்ட பிள்ளை அழுகையை விட்டுவிட்டு அந்த வாயையே பார்க்கும். மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான். ராராட்டு, ரோராட்டு, ஓராட்டு என்று வழங்கும் பெயர்களும் அந்த ஒலியைக் கேட்டு வைத்தவை என்றே நினைக்கிறேன். மலையாளத்தில் தாராட்டு. பிள்ளைத்தமிழின் 10 பருவங்களில் மூன்றாவதற்குத் தால் என்றே பெயர். பெரியாழ்வார் கண்ணனுக்கும், குலசேகராழ்வார் இராமனுக்கும் 'தாலேலோ' பாடியிருக்கிறார்கள்.

கோவை: தாய் ஆட்டுவதால் தாலாட்டு என்று படித்தேனுங்களே?

தாயும் ஆட்டும் சேர்ந்தால் தாயாட்டு என்றுதான் வரும். 'ய்' எங்கே போனது, 'ல்' எங்கிருந்து வந்தது? ஓசை ஒத்திருக்கிறது என்பதற்காக வேர் சொல்லாதீர்கள்.

யாழ்ப்பாணம்: டீச்சர், வடமொழி 'தாலு'தான் தால் எண்டு சொல்லுகினம். சரியோ?

தாலு என்பது அண்ணம், அதாவது மேல்வாய். தால் என்பது நாக்கு. பக்கத்துப் பக்கத்து உறுப்புகள்தான், ஆனாலும் வேறு வேறு. ஓசையை மட்டும் நம்ப வேண்டாம்.

கோவை, மறுபடியும்: நாக்கு என்றால் அந்தப் பாசமே போய்விடுகிறதுங்க. தாய் என்பதுதானே பொருத்தம்?

பொருத்தம் வேறு, வேர் வேறு. பாசம் எங்கேயும் போகவில்லை. பிள்ளைக்கு எட்டும் முதல் பேச்சு அந்த நாக்கிலிருந்துதான் வருகிறது. தாத்தா பாடினாலும் அது தாலாட்டுதான். தாயைப் பெருமைப்படுத்த ஒரு பழஞ்சொல்லின் பொருளை அழிக்க வேண்டுமா? தால் என்ற சொல்லைப் பேச்சில் ஏற்கெனவே இழந்துவிட்டோம். தாலாட்டுக்குள்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கேயும் அதைத் தாய் என்று மாற்றி வாசித்தால் எனக்கு வலிக்கிறது.

திருச்சி: தாலிக்கும் தாலுக்கும் உறவு உண்டா?

ஓசையைத் தவிர உறவு காட்டச் சான்று வேண்டும்.

சென்னை: 3 வாரமாக ராத்திரி முழுக்க அழுகிறான். எந்தத் தாலாட்டு பாடலாம்?

பாட்டு இருக்கட்டும் அம்மா. நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சேலம்: தாய் + ஆட்டு = தாலாட்டு, சரியா?

கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். உங்கள் ஊரில் யாராவது தாயாட்டு என்று சொல்லிக் கேட்டிருந்தால் எழுதுங்கள், பார்க்கிறேன்.