கல்லறைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு: 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' கேள்வி பதில்

திகில் தொடர்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' பற்றித்தான், அதனால் இந்த முறை முழுக்க அது மட்டும். பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை: அமெரிக்காவில் ஹெச்பிஓ சேனலில் 1989 ஜூன் முதல் 1996 ஜூலை வரை ஓடிய தொடர், 1950களில் இதே பெயரில் வந்த காமிக்ஸிலிருந்து எடுத்தது, ஏழு சீசன், மொத்தம் 93 எபிசோடு. ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் தனிக் கதை. நடிகர்கள், இயக்குநர், ஊர் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். முதலிலும் கடைசியிலும் வந்து பேசிவிட்டுப் போகிற கிரிப்ட் கீப்பர் என்கிற அழுகிய பிணம் மட்டும் மாறாது. எனக்கு இந்தத் தொடர் மேல் பதினெட்டு வருடமாகத் தீராத ஆசை, அது பதில்களில் தெரிந்தால் தெரியட்டும்.

அண்ணா, அந்த கிரிப்ட் கீப்பர் பொம்மையா, மேக்கப் போட்ட ஆளா? (குரோம்பேட்டை, கல்லூரி மாணவர்)

பொம்மைதான் தம்பி. செய்தவர் கெவின் யாகர். 'சைல்ட்ஸ் ப்ளே' படத்தில் கத்தியோடு ஓடிவரும் சக்கி பொம்மையைச் செய்ததும் இவர்தான், சக்கிக்கு வைத்த அதே கண்களைத்தான் இதற்கும் வைத்தார். அடுத்த முறை பார்க்கும்போது கண்ணை மட்டும் கவனியுங்கள். தோல் கிழிந்து, மூக்கு விழுந்து, பல் இளித்துக்கொண்டிருக்கிற முகத்தில் அந்தக் கண்கள் மட்டும் உயிரோடு இருக்கும், அதனால்தான் அதை வெறும் ரப்பர் என்று மனசு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. உதடு, புருவம், கை என்று ஒவ்வொன்றையும் அசைக்கத் திரைக்குப் பின்னால் பல பேர் சேர்ந்து வேலை செய்தார்கள்.

குரல் ஜான் கசீர். அடிப்படையில் மேடை நகைச்சுவைக் கலைஞர். அந்தக் கீச்சுச் சிரிப்பு மொத்தமும் அவர் தொண்டையிலிருந்து வந்தது. பேச்சு முழுக்கச் சொல் விளையாட்டு. 'பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்' என்று கூப்பிட வேண்டிய இடத்தில் 'பாயில்ஸ் அண்ட் கூல்ஸ்' என்பார், அதாவது கொப்புளங்களே, பிணந்தின்னிகளே என்று. தமிழில் சப்டைட்டில் போடுகிறவர் பாவம், இங்கே கட்டாயம் தடுமாறுவார்.

இன்னொன்று. இரண்டாம் சீசனில் 'லோயர் பெர்த்' என்று ஒரு எபிசோடு, யாகரே இயக்கியது. ஊர் ஊராகப் போகும் கேளிக்கைக் கூடாரத்தில் இரண்டு முகம் கொண்ட ஒரு மனிதனுக்கும் ஒரு மம்மிக்கும் காதல் வருகிறது. அவர்களுக்குப் பிறந்த குழந்தைதான் நம் கிரிப்ட் கீப்பர். காமிக்ஸில் அவர் பிணம்கூடக் கிடையாது, நீள வெள்ளை முடியோடு அங்கி போட்ட ஒரு கிழவர், அவ்வளவுதான்.

தம்பி, செத்தது கதை சொல்கிறதென்றால் அது நம் வேதாளம்தானே? நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்களா? (மயிலாப்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியை)

எடுத்துக்கொள்ளவில்லை அம்மா, ஆனால் நீங்கள் பிடித்த இடம் சரியான இடம். இவர்களுடைய நேரடி மூதாதை அமெரிக்க வானொலி. 1930களில் 'தி விட்ச்சஸ் டேல்' நிகழ்ச்சியில் ஒரு சூனியக்காரக் கிழவி கதை சொல்வாள், 1941-ல் தொடங்கிய 'இன்னர் சாங்க்டம்' நிகழ்ச்சியில் கதவு கிரீச்சென்று திறக்கும், ஒருவர் கோரமான ஜோக் அடித்துக் கதைக்குள் அழைத்துப் போவார். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் பின்னால் இந்தக் காமிக்ஸைச் செய்தார்கள்.

எனக்கு வேதாளத்தைவிடக் கட்டியங்காரன்தான் ஞாபகம் வருவார். தெருக்கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் வந்து, ராஜாவையே கிண்டல் செய்து, நடுவில் புகுந்து சிரிக்க வைத்துவிட்டு, மறுபடி நம்மைக் கதைக்குள் தள்ளிவிட்டுப் போவாரே, அதே வேலையைத்தான் கிரிப்ட் கீப்பர் செய்கிறார். அவர் இல்லாமல் இந்தக் கதைகளை வரிசையாகப் பார்த்தால் தாங்காது, குரூரம் அதிகம். அவர் வந்து சிரித்ததும் இது கூத்து என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, தைரியமாக உட்கார்ந்து அடுத்த குரூரத்தைப் பார்க்கிறோம். வேதாளம் கதை முடிந்ததும் கேள்வி கேட்கும், யார் செய்தது நியாயம் என்று. இவர் கேட்பதில்லை, தண்டனை ஏற்கனவே நிறைவேறியிருக்கும்.

காமிக்ஸைத் தடை செய்தார்கள் என்று படித்தேன், உண்மையா சார்? நான் லயன், முத்து காமிக்ஸ் சேர்க்கிறவன். (கொளத்தூர்)

அரசாங்கம் தடை போடவில்லை, ஆனால் அதைவிட மோசமாக நடந்தது. விரிவாகவே சொல்கிறேன், காமிக்ஸ் சேர்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

ஈசி காமிக்ஸ் என்ற கம்பெனி. வில்லியம் கெய்ன்ஸின் அப்பா நடத்தியது, அப்போது பைபிள் கதை, சரித்திரக் கதை என்று படிப்புச் சார்ந்த புத்தகங்கள் போட்டார்கள். 1947-ல் அப்பா படகு விபத்தில் இறந்துபோக, விருப்பமே இல்லாத மகன் கையில் கம்பெனி வந்தது. அவரும் ஆல் ஃபெல்ட்ஸ்டைன் என்ற ஓவியரும் சேர்ந்து 1950-ல் திகில் கதைகளுக்கு மாறினார்கள். 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்', 'தி வால்ட் ஆஃப் ஹாரர்', 'தி ஹான்ட் ஆஃப் ஃபியர்' என மூன்று புத்தகம், மூன்று கதைசொல்லிகள். சுடச்சுட விற்றது. (அந்த வேகத்தில் எழுத்தாளர் ரே பிராட்பரியின் கதைகளை அனுமதி கேட்காமலே எடுத்துப் போட்டார்கள். அவர் சண்டைக்கு வரவில்லை. எனக்குச் சேர வேண்டிய பணத்தை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று பணிவாக ஒரு கடிதம் போட்டார். பணம் போனது, அதற்கப்புறம் அவர் பெயரோடு முறையாகவே பல கதைகள் வந்தன.)

1954-ல் ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார். அதே வருடம் ஏப்ரலில் அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணை. கெய்ன்ஸ் தானாகவே போய்ச் சாட்சி சொன்னார். கோடாரியும் வெட்டிய பெண் தலையும் உள்ள அட்டைப்படத்தைத் தூக்கிக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார்கள். திகில் காமிக்ஸ் அட்டைக்கு இது சரிதான், தலையை இன்னும் மேலே தூக்கி, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவது தெரிந்திருந்தால்தான் தப்பு என்ற பொருளில் பதில் சொன்னார். உண்மையான பதில்தான், ஆனால் மறுநாள் அவருக்கு ஆதரவாகப் பேச ஆள் இல்லை. மற்ற பதிப்பாளர்கள் கூடி ஒரு விதித்தொகுப்பு கொண்டு வந்தார்கள். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களே கூடாது, பிணம் எழுந்து நடக்கக் கூடாது, ரத்தக்காட்டேரி வரக் கூடாது. விதிப்படி இருக்கிறது என்ற முத்திரை இல்லாத புத்தகத்தை விநியோகஸ்தர்கள் தொடவில்லை. 1955-க்குள் மூன்று புத்தகமும் போயிற்று. கெய்ன்ஸிடம் மிஞ்சியது 'மேட்' என்ற நகைச்சுவைக் காமிக்ஸ் மட்டும். அது பத்திரிகை வடிவத்துக்கு மாறிக்கொண்டது, பத்திரிகைக்கு அந்த விதி கிடையாது.

சின்ன வயதில் இதைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் 34 வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் எடுத்தது. ஹெச்பிஓ கட்டணச் சேனல், விளம்பரதாரர் தயவு தேவையில்லை, வெட்டச் சொல்ல ஆளில்லை. 1954-ல் அடைக்கப்பட்ட வாய் அங்கேதான் திறந்தது. கெய்ன்ஸ் அதைப் பார்த்துவிட்டுத்தான் 1992-ல் இறந்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு நிம்மதி.

அர்னால்டு இதில் ஒரு எபிசோடு டைரக்ட் செய்தார் என்று நண்பன் பந்தயம் கட்டுகிறான். (வியாசர்பாடி)

நண்பன் ஜெயித்துவிட்டான், பிரியாணி வாங்கிக் கொடுங்கள். 1990-ல் வந்த 'தி ஸ்விட்ச்'. பணக்காரக் கிழவர் ஒருவர் இளம்பெண் மேல் ஆசைப்பட்டு, ஒரு வாலிபனிடம் முகம், உடம்பு, கால் என்று ஒவ்வொன்றாக விலைகொடுத்து மாற்றிக்கொள்கிறார். முடிவைச் சொல்ல மாட்டேன், பணம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் யோசியுங்கள்.

மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் ஒன்று இயக்கினார், டாம் ஹாங்க்ஸ் 1992-ல் ஒன்று. தயாரிப்பாளர் பட்டியலே ரிச்சர்ட் டோனர், வால்டர் ஹில், ராபர்ட் ஜெமெக்கிஸ், ஜோயல் சில்வர், டேவிட் கைலர். 1989 ஜூன் 10 அன்று ஒரே ராத்திரியில் மூன்று எபிசோடு வெளியிட்டார்கள், ஹில், ஜெமெக்கிஸ், டோனர் ஆளுக்கொன்று. நடித்தவர்களில் டெமி மூர், பிராட் பிட், கிர்க் டக்ளஸ் எல்லாம் உண்டு. கடைசி சீசனை இங்கிலாந்தில் எடுத்ததால் இவான் மெக்ரெகர் வருவார், டேனியல் கிரெய்க் வருவார். கிரெய்க் ஜேம்ஸ் பாண்டாகத் திரைக்கு வர அப்போது இன்னும் பத்து வருடம் இருந்தது.

செத்துப்போன நடிகரை ஹீரோவாகப் போட்டார்களாமே? (அண்ணா நகர்)

ஆமாம், ஹம்ஃப்ரி போகார்ட். 1957-ல் இறந்தவர், 1995-ல் 'யூ, மர்டரர்' எபிசோடில் கதாநாயகன். ஜெமெக்கிஸ் அப்போதுதான் 'ஃபாரஸ்ட் கம்ப்' முடித்திருந்தார், பழைய பிலிமில் இருப்பவரைப் புதுக் காட்சியில் பொருத்தும் வித்தை கைவசம் இருந்தது. கதை முழுக்க ஒரு பிணத்தின் கண் வழியாக நடக்கும், கண்ணாடியைக் கடக்கும்போதுதான் அந்த முகம் தெரியும்.

எனக்குப் பிடித்தது வேறு. கூட நடித்தவர் இசபெல்லா ரோசலினி. 'காசாபிளாங்கா' படத்தில் போகார்ட்டோடு நடித்த இங்க்ரிட் பெர்க்மனின் சொந்த மகள். அம்மா நடித்த ஜோடியோடு 53 வருடம் கழித்து மகள் நடிக்கிறாள், அதுவும் அவர் இறந்த பிறகு. அதுவே ஒரு கிரிப்ட் கீப்பர் கதை மாதிரி இல்லையா.

டைட்டில் மியூசிக் யார்? ரிங்டோனாக வைத்திருக்கிறேன். (தாம்பரம்)

டேனி எல்ஃப்மேன். அதே 1989-ல் 'பேட்மேன்' படத்துக்கும் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் டைட்டிலுக்கும் இசையமைத்தவர். ஒரே வருடத்தில் இந்த மூன்றும்.

எங்கள் பையனுக்குப் பத்து வயது, சேர்ந்து பார்க்கலாமா? (மடிப்பாக்கம்)

வேண்டாம் மேடம். ரத்தம், ஆபாசம், கெட்ட வார்த்தை மூன்றும் தாராளம். 1993-ல் குழந்தைகளுக்காகவே 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்கீப்பர்' என்று கார்ட்டூன் வந்தது, அதைக் காட்டுங்கள்.

நம்ம 'மர்மதேசம்' முன்னால் இதெல்லாம் நிற்குமா? (கே.கே. நகர்)

ஐயா, 'விடாது கருப்பு' பார்த்துவிட்டு ராத்திரி குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தவன் நான், அதனால் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இரண்டும் வேறு வேலை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அந்தக் கதை வாரக்கணக்கில் நீளும், ஊரே சந்தேகத்தில் இருக்கும், நாமும் அந்த ஊர்க்காரராகிவிடுவோம். கிரிப்டுக்கு அரை மணிதான். அதற்குள் ஒருவனை அறிமுகப்படுத்தி, அவன் பேராசையைக் காட்டி, அவன் விரித்த வலையிலேயே அவனை விழ வைக்க வேண்டும். அதனால் கதாநாயகனே வில்லனாகத்தான் இருக்க முடியும். தப்பு செய்தவனைக் கருப்பு விடாது என்ற நம்பிக்கைதான் அங்கே பயம், இங்கேயும் தப்பு செய்தவன் தப்புவது அபூர்வம். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த அமெரிக்கத் தொடர் அந்நியமாகத் தெரியாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மறுபடி எடுக்கப்போவதாகச் செய்தி வந்ததே? (பெரம்பூர்)

2016-ல் டிஎன்டி சேனலுக்காக மனோஜ் நைட் ஷியாமளன் எடுப்பதாக அறிவித்தார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர், முதல் படத்தைச் சென்னையில் எடுத்தவர், அதனால் நான் அளவுக்கு மீறி ஆசைப்பட்டேன். உரிமைச் சிக்கலில் அடுத்த வருடமே நின்றுபோனது. காமிக்ஸ் உரிமை ஒருவரிடம், தொடரில் வந்த பொம்மையின் உரிமை வேறிடம் என்று பிரிந்து கிடக்கிறது.

எதில் ஆரம்பிக்கலாம் அண்ணா? நிஜமாகவே பயப்பட வேண்டும். (திருவான்மியூர்)

முதல் சீசன், 'அண்ட் ஆல் த்ரூ தி ஹவுஸ்', ஜெமெக்கிஸ் இயக்கியது. கிறிஸ்துமஸ் ராத்திரி, ஒருத்தி கணவனைக் கொன்றுவிடுகிறாள். அதே நேரம் மனநோய் விடுதியிலிருந்து தப்பிய கொலைகாரன் ஒருவன் சாண்டா வேஷத்தில் வீட்டைச் சுற்றி வருகிறான். போலீஸைக் கூப்பிட முடியாது, கூடத்தில் பிணம் கிடக்கிறது. மாடியில் சின்னப் பெண் சாண்டாவுக்காகக் காத்திருக்கிறாள். இதே கதையை 1972-ல் இங்கிலாந்தில் படமாக எடுத்தபோது ஜோன் காலின்ஸ் நடித்தார், அது கிட்டத்தட்டப் பேச்சே இல்லாமல் போகும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், எனக்கு ஜோன் காலின்ஸ்தான் ஒரு படி மேல்.

அப்புறம் முதல் எபிசோடு 'தி மேன் ஹூ வாஸ் டெத்'. மரண தண்டனையை ரத்து செய்ததால் வேலை இழந்த மின்நாற்காலி ஊழியன், தண்டனை கொடுக்கும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறான். கேமராவைப் பார்த்து நம்மிடமே பேசிக்கொண்டிருப்பான், நாமும் கொஞ்ச நேரம் அவன் பக்கம் போய்விடுவோம். வில்லியம் சாட்லர் நடிப்பு. ஏழு சீசனும் டிவிடியாக வந்திருக்கின்றன, என்னிடம் முதல் மூன்று இருக்கிறது. அடையாறு பக்கம் வந்தால் வாங்கிப் போங்கள், திருப்பிக் கொடுத்தால் போதும்.