பாக்கு மரத்தில் கருங்கோடுகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆனைமலை அடிவாரத்தில் எங்கள் தோப்பிலுள்ள பாக்கு மரங்களில் வெள்ளைப் படலம், அதன்மேல் பேனாவால் கிறுக்கியதுபோலக் கருங்கோடுகள். சுரண்டினால் உள்ளே ஆரஞ்சு நிறம். பிளீச்சிங் கரைசல் ஊற்றினேன், நிறம் மாறவில்லை. இது நோயா? பெயர் என்ன? படம் இணைத்துள்ளேன்.

வி.

அன்புள்ள வி.,

நோயல்ல. இது லைக்கன், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர். அது மரத்தை உறிஞ்சி வாழ்வதில்லை. ஆரஞ்சு நிறம் பூஞ்சையோடு கூடி வாழும் ட்ரென்டிபோலியா பாசியுடையது. அது பச்சைப்பாசிதான், கரோட்டின் நிறமி பச்சையை மறைத்துவிடுகிறது. இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறீர்களே என்று மகிழ்ந்தேன்.

ஆனால் மரத்தில் உயிரோடிருக்கும் படலத்தின்மேல் பிளீச்சிங் ஊற்றலாமா? நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் வேதிச்சோதனையை வெட்டியெடுத்த துணுக்கில், ஊசிமுனைச் சொட்டால் செய்யவேண்டும். இனி மரத்தில் ஊற்றாதீர்கள்.

கிராஃபிஸ் பேரினம்போல் தெரிகிறது. படத்தை வைத்து அதற்குமேல் சொல்லமாட்டேன். அதில் 300க்கும் மேற்பட்ட இனங்கள். கோடு கண்ட இடமெல்லாம் ‘கிராஃபிஸ் ஸ்கிரிப்டா’ என்று எழுதிவிடுகிறார்கள். லின்னேயஸ் 1753இல் விவரித்த அந்த இனம் குளிர்நாட்டு மரங்களுக்கு உரியது. பாக்கு மரத்துக்கு அதை ஏன் இழுக்கவேண்டும்?

கருங்கோடுதான் பூஞ்சையின் வித்து உண்டாகும் இடம். பெயர் அதன் குறுக்குவெட்டில் இருக்கிறது. கோட்டை ஒரு சொட்டு நீரில் நனைத்து, புது பிளேடால் குறுக்கே சீவுங்கள். நீளவாக்கில் சீவினால் பயனில்லை. நுண்ணோக்கியில் 100 மடங்கில் பாருங்கள்: கோட்டைச் சூழ்ந்த கரிபோன்ற கருஞ்சுவர் இருபக்கமும் மட்டுமா, அடியிலும் மூடியிருக்கிறதா? இங்கேதான் தவறு நடக்கிறது. சீவல் தடித்தால் எல்லாமே கருப்பாகத் தெரியும், அடியிலுள்ள பட்டையின் கருமையையும் சுவர் என்று எண்ணிவிடுவோம். வெளிச்சம் ஊடுருவும்வரை மறுபடி மறுபடி சீவுங்கள், நாலைந்து கோடுகளிலாவது. இளங்கோட்டில் வித்து இருக்காது, முதிர்ந்தது காலியாகியிருக்கும்.

வித்து நிறமற்று, அயோடினில் நீலஊதாவானால் கிராஃபிஸ். பழுப்பென்றால் பெரும்பாலும் ஃபியோகிராஃபிஸ் என்ற வேறு பேரினம். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் மஞ்சளாகிச் சிவந்து, செந்நிற ஊசிப்படிகங்கள் தோன்றினால் நார்ஸ்டிக்டிக் அமிலம் என்ற லைக்கன் வேதிப்பொருள் உண்டு.

மரத்தின் பெயர், தரையிலிருந்து உயரம், திசை, நிழலா வெயிலா என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எழுதினால் தப்பாகும். பட்டையோடு 2 செ.மீ. துணுக்கைக் காற்றில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சணம் பிடித்துவிடும்.