ரெஜிமென்ட் என்றால் என்ன?

கேள்வி: குடியரசு நாளன்று மெரினா கடற்கரைச் சாலை அணிவகுப்பில் ‘மெட்ராஸ் ரெஜிமென்ட்’ என அறிவித்தார்கள். அச்சொல்லின் பொருள் என்ன?
– வாசகி, பரங்கிமலை

பதில்: ஆளுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த ரெஜிமென்ட், முதலில் ஆட்சியையே குறித்து, 16ஆம் நூற்றாண்டில் படைப்பிரிவின் பெயராயிற்று. 1758இல் தொடங்கும் வரலாற்றையும் நீலகிரியிலுள்ள வெலிங்டனில் பயிற்சி மையத்தையும் உடைய மெட்ராஸ் ரெஜிமென்டில் இன்று பல பட்டாலியன்கள், அதாவது அதன் உட்பிரிவுப் படைகள், உள்ளன. நம் ‘பட்டாளம்’ என்ற சொல்லும் பட்டாலியனுக்கு உறவுதான். ஆங்கிலத்தில் ரெஜிமென்ட் வினைச்சொல்லானால், எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கும் கெடுபிடியைச் சுட்டும். தமிழின் ‘அணி’யோ வரிசை, படைவகுப்பு, அழகு ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்குகிறது, நீங்கள் பார்த்த அணிவகுப்பில் வீரர்களின் கைகள் ஒரே உயரத்துக்கு எழுந்து தாழ்ந்த காட்சிக்கு, ரெஜிமென்டைவிட இச்சொல்லே பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.