பானெட்டைத் திறக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

பழைய கார்களில் இன்ஜின் வேலை நடக்கும்போது பெயின்ட்டைக் காப்பாற்றுவது எப்படி என்று வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

அம்பாசடருக்குப் போன வருடம்தான் முழு பெயின்ட் அடித்தேன். இப்போது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) மாற்ற வேண்டும். மெக்கானிக் வீட்டுக்கே வந்து செய்வதாகச் சொல்கிறார். மட்கார்டின் மேல் கம்பளி விரித்தால் போதுமா?
– ஈரோடு வாசகர்

கம்பளி விரிப்பதற்கு முன் காரைக் கழுவினீர்களா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. தூசி படிந்த மட்கார்டின் மேல் எவ்வளவு மெத்தென்ற துணியைப் போட்டாலும், அதன்மேல் ஒருவர் வயிற்றை வைத்து இரண்டு மணி நேரம் அழுத்தி அசைந்தால், அடியில் இருக்கும் மண் வாட்டர் பேப்பர் தேய்த்த மாதிரிதான் வேலை செய்யும். ஸ்பேனர் நழுவி விழுந்த கீறல் ஒன்றோ இரண்டோ இருக்கும். துணிக்கடியில் நடந்த தேய்ப்போ பெயின்ட் முழுக்க மெல்லிய வட்ட வட்டக் கோடுகளாக நிற்கும். வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் கண்ணில் படும். அப்போது பழி பாலிஷ் போட்டவர் தலையில் விழும்.

எனவே வேலைக்கு முன் மட்கார்டு இரண்டையும், முன்பக்க கிரில்லையும், கண்ணாடிக்குக் கீழே உள்ள பகுதியையும் கார் ஷாம்பூ போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். நறநறவென்றால் இன்னொரு முறை கழுவுங்கள்.

விரிப்பைத் தையல்காரரிடம் கொடுத்தே தைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 120 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம் வேண்டும். பெயின்ட்டைத் தொடும் பக்கம் பருத்தி ஃபிளானல், நடுவில் 8 முதல் 10 மி.மீ. ஃபோம், மேலே எண்ணெய் ஊறாத ரெக்சின். ரெக்சின் பக்கத்தைத் தப்பித் தவறியும் பெயின்ட்டின் மேல் போடாதீர்கள். ரெக்சினை வளைய வைப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் வெயில் சூட்டில் கசிந்து, டூக்கோ பெயின்ட்டை (தின்னரில் கரையும் என்.சி. வகைப் பெயின்ட்) இளக்கி, ஒட்டிக்கொள்ளும். விரிப்பு வழுக்காமல் இருக்க, உள் ஓரத்தில் நான்கு நாடா வைத்துத் தைத்து, இன்ஜின் அறைக்குள் இருக்கும் துளைகளில் கட்டிக்கொள்ளலாம். நாடாவின் மிச்சம் ஃபேன் பக்கம் தொங்கக்கூடாது. ஹெட்டைத் திரும்ப மாட்டி முடித்து இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் நேரத்தில் விரிப்பையே எடுத்துவிடுவது நல்லது. அம்பாசடரின் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. துணி சிக்கினால் பெயின்ட்டோடு விரலும் போகும்.

அடுத்தது, குனிந்து வேலை செய்பவரின் உடம்பு. பெல்ட் பக்கிள், மோதிரம், வாட்ச், சட்டைப் பையில் பேனா, பின்பையில் ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. கழற்றிய நட்டு, வாஷர்களை மட்கார்டில் வைக்கும் பழக்கம் நம் ஊரில் ஒழியவே மாட்டேன் என்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்டூலும் தட்டும் போட்டுவிட்டால் பாதி ஒழியும்.

வேலையை பேட்டரியின் எர்த் வயரிலிருந்து தொடங்குங்கள். லைவ் டெர்மினலை முதலில் கழற்றப்போய் ஸ்பேனரின் மறு முனை மட்கார்டைத் தொட்டால், அந்த இடத்தில் பொறி பறந்து பெயின்ட்டோடு தகடும் புள்ளியாக உருகிவிடும். எர்த்தைக் கழற்றிய பிறகு தொட்டாலும் ஒன்றும் ஆகாது. மிகப் பழைய சில கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். நிறத்தையோ குறியையோ நம்பாமல், பாடியில் போல்ட் போட்டிருக்கும் வயர் எது என்று பாருங்கள்.

அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் இடது பக்கம். பெட்ரோல் சிந்துவதும் அந்தப் பக்கம்தான், எனவே அங்கே விரிப்பின் மேல் இன்னொரு பழைய பருத்தித் துணியை மடித்துப் போடுங்கள். பெட்ரோல் நனைந்தால் துணியை உடனே எடுத்து, தள்ளி வெட்டவெளியில் உலர்த்துங்கள். நனைந்த துணி பெயின்ட்டின் மேலேயே கிடந்தால் அடியில் மங்கல் தட்டும். தீ அபாயம் தனி.

ஹெட் வார்ப்பிரும்பு, நல்ல கனம். ஸ்டட்டுகளின் மேல் நேராகத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரை வடித்திருந்தாலும் ஹெட்டுக்குள் கொஞ்சம் தங்கியிருக்கும். தூக்கியதும் துருத்தண்ணீரும் எண்ணெயும் ஒழுகும். இருவர் பிடித்து, மட்கார்டுக்கு மேலாக அல்லாமல் கிரில் பக்கமாக வெளியே எடுங்கள். மூன்றாவது ஆள் அடியில் ஒரு டிரேயைப் பிடித்துக்கொண்டே வரட்டும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் கிளட்ச் ஆயில் ஊற்றும்போது கொஞ்சம் சிந்திவிட்டது. துணியால் துடைத்தேன். மறுநாள் அந்த இடம் சுருங்கி, தோல் உரிவதுபோல் இருக்கிறது. ஏன்?
– சென்னை வாசகர்

பெயரில்தான் ஆயில். கிளட்ச்சுக்கு ஊற்றுவதும் பிரேக் ஃப்ளூயிட்தான். டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் போட்டிருக்கும் அந்த ஃப்ளூயிட் கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்தது. பெயின்ட்டை இளக்குவதில் தின்னருக்குச் சளைத்ததல்ல. தின்னராவது சீக்கிரம் காற்றில் போய்விடும். இது ஆவியாகாமல் உட்கார்ந்த இடத்திலேயே ஊறும். துடைத்தது இரண்டாவது தவறு: இளகத் தொடங்கிய பெயின்ட்டை அது இழுத்துவிடும், சிந்தியதையும் இன்னும் அகலமாகப் பரப்பும்.

இதில் ஒரு நல்ல விஷயம், அது தண்ணீரில் கரையும். சிந்திய உடனே துணியால் ஒற்றி எடுத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, ஷாம்பூ போட்டு, மறுபடி தண்ணீர் ஊற்ற வேண்டும். இதெல்லாம் சில நிமிடங்களுக்குள் நடக்க வேண்டும்.

சென்னையில் 1961-இல் தயாரிக்கத் தொடங்கிய ஹெரால்டில் பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்கள் இரண்டும் இன்ஜின் அறையின் பின்சுவரில், கார் நிறம் பூசிய தகட்டின் மேல் நிற்கின்றன. ஃப்ளூயிட் நிரப்பும்போது இரண்டின் அடியிலும் ஈரத்துணியைச் சுற்றிப் போட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவிலிருந்து நேராகச் சாய்க்காமல் 50 மி.லி. சிரிஞ்சால் விடுங்கள். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். மூடியில் இருக்கும் காற்றுத் துளை வழியாக வழியும். நிரப்பி ஒரு வாரம் கழித்தும் அளவு குறைந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்து சுவர் வழியாக இறங்குகிறதா என்று பாருங்கள். பெயின்ட் குமிழி விட்டிருப்பது அதைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

சுருங்கிய இடத்தை இப்போது தொடாதீர்கள். நன்றாகக் கழுவி சில நாட்கள் விட்டால் ஓரளவு இறுகும். மேல் பளபளப்பு மட்டும் போயிருந்தால் பாலிஷில் சரியாகலாம். உரிந்திருந்தால் தகடு வரை சுரண்டி, மறுபடி கழுவி, பிரைமரிலிருந்து அடிக்க வேண்டும். ஃப்ளூயிட் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் புதுப் பெயின்ட் அந்த இடத்தில் தூக்கிக்கொள்ளும். சிலிகோன் வகையான டாட் 5 பெயின்ட்டை ஒன்றும் செய்யாது என்பது உண்மை. ஆனால் அதை டாட் 3, 4 உடன் கலக்கவே கூடாது. தகட்டில் பட்ட சிலிகோனைச் சுத்தமாக எடுக்காவிட்டால், பின்னால் அடிக்கும் பெயின்ட் மீன் கண்போல் குழி குழியாக விலகும்.

ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்வது. மட்கார்டில் சாய வழியே இல்லாததால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. பதிலாக, சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தால் மூக்கு இடிக்கும்; தாங்கு கம்பி சரியாக மாட்டாவிட்டால் காற்றில் மூடிக்கொள்ளும்.

இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். பானெட்டைக் கழற்றும்போது எங்கே அடிபடும்?
– மதுரை வாசகர்

பின்பக்கக் கீல் உள்ள பானெட்டில், பின் மூலைகள் இரண்டும்தான் ஆபத்து. கடைசி போல்ட் வெளியே வந்த கணத்தில் பானெட் பின்னால் சரிந்து, கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டில் மூலையால் குத்தும். போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே அந்தத் தகட்டின் மேல் மடித்த போர்வையை வையுங்கள். மூலை இரண்டுக்கும் துணி சுற்றி டேப் போடுங்கள். பக்கத்துக்கு ஒருவர், தோளால் முட்டுக் கொடுத்து நிற்க வேண்டும். போல்ட் கழற்றுவது மூன்றாவது ஆள். மாட்டும்போது இடைவெளி பழையபடி வர, கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆணியால் கீறாதீர்கள், துரு அங்கிருந்து தொடங்கும்.

கழற்றிய பானெட்டைக் காரின் கூரை மேல் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே கல்லில் இரண்டு பெயின்ட்! அறைக்குள், பழைய மெத்தையின் மேல் நிமிர்த்தி நிறுத்தி, சுவரோடு கயிற்றால் கட்டுங்கள்.

இன்ஜினைத் தூக்கும் செயினில் பழைய சைக்கிள் டியூபை நுழைத்துவிட்டால், ஆடி இடித்தாலும் பெயின்ட் பெயராது. கிரில்லையும் ரேடியேட்டரையும் முன்பே எடுத்துவிடுங்கள். முன் தகட்டின் மேல் தடித்த அட்டைப்பெட்டியை விரித்து, அதன்மேல் கம்பளி. கியர்பாக்ஸோடு சேர்த்து எடுத்தால் வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்துதான் வரும். கியர் ஆயிலை முன்பே வடிக்காவிட்டால் பின் முனை வழியாகக் கொட்டும். இன்ஜின் முழு உயரத்துக்கு வந்த பிறகு அதை நகர்த்தாதீர்கள். செயின் பிளாக் நின்ற இடத்திலேயே நிற்கட்டும், காரைப் பின்னால் தள்ளுங்கள். தொங்கும் இன்ஜினைத் தள்ளினால் அது திரும்பி வரும், அப்போது எதிரே இருப்பது மட்கார்டு. காரை வெளியே தள்ளியதும் இன்ஜினை இறக்கிவிடுங்கள். அதுவரை யாரும் அதன் அடியில் போகக்கூடாது.

மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டு வாரம் வேலை நடந்தது. எடுத்தால் பசை விடாமல் நிற்கிறது. தின்னர் போடலாமா?
– திருச்சி வாசகர்

வேண்டாம். டூக்கோ பெயின்ட்டாக இருந்தால் பசையோடு நிறமும் வந்துவிடும். ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூடு காட்டி, விரலால் உருட்டி எடுங்கள். மிச்சத்துக்கு டர்பன்டைன் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள். இனிமேல் டேப்பை அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஒரே நாளில்கூடப் பசை வெந்துவிடும். உரிக்கும்போது மேல் நோக்கி இழுக்காமல், டேப் தன்மேலேயே மடங்கும்படி மெதுவாக இழுங்கள். சிந்தெடிக் எனாமல் அடித்து ஒரு மாதம் ஆகாத காரில் டேப்பே ஒட்டாதீர்கள்.

வேலைக்கு முன் வாட்டர் சர்வீஸில் இன்ஜினைக் கழுவச் சொன்னால் டீசல் அடித்துக் கழுவுகிறார்கள். பெயின்ட்டுக்கு ஆகுமா?
– சேலம் வாசகர்

டீசல் உடனே கெடுக்காது. படலமாகத் தங்கி, தூசியைப் பிடித்து, ரப்பர் ஹோஸ்களை உப்ப வைக்கும். காஸ்டிக் சோடா கலந்த கரைசல்தான் உண்மையான எதிரி. எண்ணெய் அழுக்கைப் போலவே எண்ணெய் கலந்த பெயின்ட்டையும் அது தின்னும். பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதன் ஹெட் அலுமினியம், காஸ்டிக் அதையும் அரிக்கும்.

இன்ஜின் ஆறிய பிறகு, டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டர் வாயையும் பாலிதீன் பையால் கட்டி, மட்கார்டைத் தண்ணீரால் நனைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஈரமான பெயின்ட்டில் தெறிக்கும் கரைசல் பிடிக்காமல் ஓடிவிடும். பிரஷ்ஷால் சோப்புக் கரைசல் தேய்த்து, குறைந்த அழுத்தத்தில் கழுவினாலே அழுக்கு போகும்.

காந்தம் வைத்த ஃபெண்டர் கவர் (மட்கார்டு விரிப்பு) நல்லதா?
– கோவை வாசகர்

கழற்றி மாட்ட வசதி. ஆனால் பட்டறைத் தரையில் கிடக்கும் இரும்புத்தூள் முழுக்க அந்தக் காந்தத்தில் ஏறி, மறுமுறை பெயின்ட்டைக் கீறும். பள்ளத்தை நிரப்பும் பட்டி தடித்துப் பூசிய இடத்தில் பிடிக்கவும் செய்யாது. ஒரு வகையில் அது நன்மைதான்: பழைய கார் வாங்கப்போகும்போது எங்கெங்கே பட்டி இருக்கிறது என்று பார்க்க உதவும், காந்தத்துக்கு மேல் மெல்லிய துணி சுற்றிக்கொண்டு.

பேட்டரி ஆசிட் பட்டு வெள்ளைத் தடம். பக்கத்திலேயே ஸ்பேனர் கீறல் ஒன்றும் இருக்கிறது. நாமே சரிசெய்ய முடியுமா?
– தூத்துக்குடி வாசகர்

முதலில் ஆசிட். ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றுங்கள். நுரை நிற்கும்வரை ஊற்றி, பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இதைச் செய்யாமல் பாலிஷ் போட்டால் அடியில் அரிப்பு தொடரும்.

கீறலுக்கு முன், பெயின்ட் எந்த வகை என்று தெரிய வேண்டும். டிக்கி மூடியின் உட்புறம் போன்ற மறைவிடத்தில், அதே பெயின்ட்தான் என்று உறுதிசெய்துகொண்டு, என்.சி. தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் லேசாகத் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் டூக்கோ. சுருங்கினால் சிந்தெடிக் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் ஹார்ட்னர் கலந்து அடித்ததோ, சூட்டில் வேகவைத்ததோ.

நகத்தால் குறுக்கே தடவும்போது கீறலில் நகம் மாட்டவில்லையென்றால், 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, ஒரே திசையில் பத்து இழுப்பு. துடைத்துப் பார்த்து மறுபடி. பிறகு ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் பாலிஷ். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லிதாக இருக்கும், அங்கே பேப்பர் வேண்டாம். நகம் மாட்டினால், பிரஷ் நுனியால் மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பின் நிரப்பி, மட்டத்துக்கு மேல் வந்ததும் தேயுங்கள்.

காம்பவுண்ட் தேய்க்கப் பனியன் வேஸ்ட் எடுப்பவர்கள், அதில் தையல் ஓரத்தையும் பட்டனையும் பிரித்துப் போட்டுவிட்டு எடுங்கள். நைலான் நூல் தைத்த ஓரம் டூக்கோவில் புதுக் கோடு போடும்.