யூக்கானில் மூஸ் வேட்டை: ரைஃபிளைப் பற்றிக் கடைசியாகப் பேசலாம்

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூக்கானுக்கு, கைடு துணையோடு மூஸ் (பெரிய கொம்புள்ள ராட்சத மான்) வேட்டைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். எந்த ரைஃபிள் எடுத்துப் போவது, எவ்வளவு செலவாகும், எப்படித் திட்டமிடுவது?

பதில்: நான் கைடு இல்லை, வேட்டைக்காரியும் இல்லை. ஒரு அவுட்ஃபிட்டரிடம், அதாவது கைடு, கேம்ப் எல்லாம் ஏற்பாடு செய்து வேட்டைக்குக் கூட்டிப் போகிறவரிடம், சில சீசன்களாக கேம்ப் சமையல் செய்கிறேன். மற்ற மாதங்களில் யூக்கானின் தலைநகர் வொயிட்ஹார்ஸில் ஒரு ஓட்டல் கிச்சனில் வேலை. 'சமையல்காரிக்கு வேட்டையைப் பற்றி என்ன தெரியும்' என்று கமெண்டில் கேட்க வருகிறவர்கள், சுட்ட மூஸ் கடைசியில் யார் கைக்கு வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில், அநேகமாக ஐ.டி. வேலையில், இந்திய பாஸ்போர்ட்டோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். கனடாவைச் சேராதவர்கள் யூக்கானில் பெரிய மிருகங்களை வேட்டையாட வேண்டுமென்றால் பதிவு செய்த அவுட்ஃபிட்டர் மூலமாகத்தான் முடியும். 'அங்கே நமக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், அவன் கூட்டிக்கொண்டு போவான்' என்ற கதை நடக்காது. கனடாவின் மற்ற பகுதிகளில் இருப்பவர்களை மட்டும் யூக்கான்வாசி ஒருவர் அதற்கென்று தனி உரிமம் எடுத்து மூஸுக்குக் கூட்டிப் போகலாம். அதற்கும் அவர் காசு வாங்கக் கூடாது.

யூக்கானைச் சுமார் 20 வேட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு அவுட்ஃபிட்டரிடம் விட்டிருக்கிறார்கள். ஆகவே ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே காட்டையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். குதிரையா, படகா, ஏரிக்கரையில் உட்கார்ந்து குரல் கொடுத்து மூஸை அழைப்பதா என்பதையெல்லாம் அந்தக் காடுதான் முடிவு செய்யும். பூர்வகுடிகளோடு 1993 முதல் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி சில நிலங்கள் அவர்களுக்கே உரியவை. அங்கே அவர்கள் அனுமதி இல்லாமல் வேட்டையாட முடியாது. அது எது எது என்று கைடுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்களும் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மூஸ் சீசன் பொதுவாக ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 31 வரை. எல்லோரும் கேட்பது செப்டம்பர் பின்பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான், ஏனென்றால் அது இணை சேரும் காலம். பிர்ச் மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டி, பெண் மூஸ் மாதிரி கைடு நீளமாக ஒரு முனகல் விடுவார். அப்புறம் காய்ந்த தோள்பட்டை எலும்பை எடுத்து வில்லோ புதரில் கரகரவென்று தேய்ப்பார். ஆண் மூஸ் கொம்பை உரசுகிற சத்தம் அது. 600 கிலோ மிருகம் அதைக் கேட்டுப் புதரை முறித்துக்கொண்டு வரும். அந்த வாரங்களுக்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே இடம் பிடித்து முன்பணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஒருவருக்கு 25,000 அமெரிக்க டாலருக்கு மேல் போவதெல்லாம் இப்போது சாதாரணம். லைசென்ஸ், டேக் (ஒரு மிருகத்துக்கான அனுமதிச் சீட்டு), காட்டுக்குள் போகிற விமானம், டிப்ஸ் இதெல்லாம் பெரும்பாலும் தனி. மேகம் இறங்கிவிட்டால் விமானம் கிளம்பாது என்பதால், இரண்டு பக்கமும் ஓரிரு நாள் ஓட்டல் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ரைஃபிள். கனடாவுக்குள் கொண்டுவர ஒரு படிவம் இருக்கிறது. 25 கனடா டாலர் கட்டணம், 60 நாள் செல்லும். முன்னாலேயே நிரப்பி வைக்கலாம், கையெழுத்தை மட்டும் சுங்க அதிகாரியின் முன்னால்தான் போட வேண்டும். கைத்துப்பாக்கி கூடவே கூடாது. ஆனால் நீங்கள் எச்1பி என்றால் சிக்கல் அமெரிக்கப் பக்கம்தான். அந்த வகை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்கே அங்கே பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, அப்போதும் திரும்ப உள்ளே கொண்டுபோகத் தனி அனுமதி வாங்க வேண்டும். கனடா விசாவும் எடுக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் அது வேண்டாம். நான் வக்கீல் இல்லை, உங்கள் வக்கீலைக் கேளுங்கள். அவுட்ஃபிட்டரிடமே ஒரு ரைஃபிளை வாடகைக்குக் கேட்பது நல்லது என்பது என் கருத்து. பெரும்பாலான கேம்ப்களில் ஒரு முப்பது நாட் சிக்ஸாவது (.30-06 ரக ரைஃபிள்) இருக்கும். அது மூஸுக்குத் தாராளமாகப் போதும்.

யாரும் கேட்காத விஷயம் இறைச்சி. யூக்கானில் சுட்ட மூஸின் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது குற்றம். பெரிய மூஸில் எலும்பு நீக்கியே 200 கிலோவுக்கு மேல் வரும். பின்னந்தொடை ஒன்றே 50 கிலோ. சதுப்பில், கால் வைத்தால் சாய்கிற புல்மேடுகளின் மேல் அதைச் சுமப்பவரை நீங்கள் பார்த்திருந்தால், முதலில் ரைஃபிளைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஒரு செப்டம்பரில், வழக்கத்துக்கு மாறாக நல்ல வெயில். விருந்தாளி ஒருவர் சாயங்காலம் பெரிய ஆண் மூஸைச் சுட்டார். கைடும் உதவியாளும் ராத்திரி முழுக்க ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் அறுத்து, விடிந்ததும் படகில் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான்கு தொடை, விலா, கழுத்து எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு, நிழலில் கட்டிய கம்பத்தில் தொங்கவிட்டோம். ஒன்றை ஒன்று தொடக் கூடாது, காற்று புக வேண்டும். பத்து மணிக்குள் நீல ஈ வந்துவிட்டது. ஈ முட்டையிட்டால் அரிசி நொய்யைக் கொட்டிவைத்த மாதிரி மடிப்புக்குள் வெள்ளையாக ஒட்டிக் கிடக்கும். நான் கத்தி முனையால் சுரண்டி எடுத்து, வினிகர் துணியால் துடைத்து, மிளகுத்தூளை அள்ளிப் பூசினேன். ஊரிலிருந்து வந்த மிளகு. தொடை எலும்பை ஒட்டி விரலை விட்டுப் பார்த்தபோது உள்ளே இன்னும் சூடு இருந்தது. அங்கேதான் முதலில் கெடும். எலும்பு வரை கீறித் திறந்துவிட்டேன். கரடி வராமல் இருக்கச் சுற்றிலும் மின்வேலி வேறு.

இவ்வளவும் நடக்கும்போது சுட்டவர் டேப்பை வைத்துக் கொம்பை அளந்துகொண்டிருந்தார். மத்தியானம் விமானம் வந்து இறங்கியதும், கொம்பை முதல் நடையில் ஏற்றச் சொன்னார், இறைச்சி நாளைக்குப் போகட்டுமாம். வந்தது பீவர் என்ற, ஏரியில் இறங்குகிற சின்ன விமானம். 1947இல் டொராண்டோவில் முதல்முறை பறந்த ரகம், இன்னும் இந்த ஏரிகளில் உழைக்கிறது. அதில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. பைலட் தராசை எடுத்து வைத்து, 'இறைச்சி, இல்லையென்றால் காலி விமானம்' என்று சொல்லிவிட்டார். மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அந்த இறைச்சி ஊர் முதியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டு விருந்தாளிகளின் இறைச்சியில் நிறைய அப்படித்தான் போகிறது. இதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

'உயிரைக் கொல்வதற்கு வழி சொல்கிறாயே' என்று எழுதப்போகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் பிடிக்காது. ஆனால் பிராய்லர் கோழியைத் தின்றுகொண்டே அதை எழுதாதீர்கள்.

நம்மாட்களுக்கு ஈரல் ஆசை இருக்கும். மூஸின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் காட்மியம் சேர்வதால் அளவோடு சாப்பிடச் சொல்கிறது இங்குள்ள சுகாதாரத் துறை. ஒரு வறுவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டி விஷயமும் இருக்கிறது. சக்கரம் வைத்த சூட்கேஸ் வேண்டாம், மடங்குகிற துணிப்பைதான். சொன்னால் யார் கேட்கிறார்கள்? என் சொந்தக்காரர்களே கேட்பதில்லை. யூக்கானில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஜூலையில் டிக்கெட் போட்டு வந்து, வடதுருவ ஒளி எங்கே என்கிறார்கள். ஜூலையில் இங்கே நடுராத்திரியிலும் இருட்டாது என்று போனில் சொன்னேன், எழுதியும் அனுப்பினேன். வந்து, என் சோபாவில் படுத்துக்கொண்டு, நான்தான் சரியான இடத்துக்குக் கூட்டிப் போகவில்லை என்று ஊருக்குப் போன் பேசுகிறார்கள். சரி, அது வேறு கதை.

அவுட்ஃபிட்டரிடம் என்ன கேட்பது? இறைச்சியை எப்படிக் குளிர வைக்கிறீர்கள், கேம்ப்பிலிருந்து எத்தனை நாளில் வெளியே போகும், ஒரு கைடுக்கு எத்தனை வேட்டைக்காரர் என்று கேளுங்கள். பழைய விருந்தாளிகளின் போன் நம்பர்களும் கொடுப்பார்கள். எல்லாம் பெரிய கொம்போடு போட்டோ எடுத்தவர்களின் நம்பராகவே இருக்கும். போன வருடம் எதுவும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியவர் ஒருவரின் நம்பரும் வேண்டும் என்று கேட்டு வாங்கி, அவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு முன்பணம் அனுப்புங்கள்.