கேரியர் என்று வந்தால் ஒதுக்க வேண்டுமா? நாய்களுக்கான மரபணுப் பரிசோதனை: கேள்வி-பதில்

என் லேப்ரடார் பெண் நாயை முதல் மேட்டிங்குக்கு முன் பரிசோதித்தேன். பி.ஆர்.ஏ. என்ற கண் நோய்க்குக் 'கேரியர்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கருத்தடை செய்துவிடுங்கள் என்கிறார்கள் தெரிந்தவர்கள். செய்துவிடலாமா? (வாசகர், கோவை)

இந்தக் காரணத்துக்காகச் செய்ய வேண்டாம். லேப்ரடார்களில் வழக்கமாகச் சோதிப்பது பி.ஆர்.சி.டி. எனப்படும் பி.ஆர்.ஏ. வகையை. இதில் விழித்திரையின் ஒளியுணரும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். முதலில் நாய் இருட்டில் தடுமாறும், பிறகு பகலிலும் பார்வை போகும். குணப்படுத்த மருந்தில்லை. ஆனால் இந்த நோய் வர, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என மரபணுவின் இரண்டு பழுதான பிரதிகள் சேர வேண்டும். கேரியரான உங்கள் நாயிடம் இருப்பது ஒன்றுதான். இந்த வகை பி.ஆர்.ஏ.வால் அதன் பார்வை போகாது.

எனவே யோசிக்க வேண்டியது அதற்குப் பார்க்கும் ஜோடியைப் பற்றித்தான். இதே சோதனையில் 'கிளியர்', அதாவது பழுதான பிரதி ஒன்றுகூட இல்லை என்று வந்த ஆண் நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்குக்கூட இந்த நோய் வராது. ஒவ்வொரு குட்டியும் கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். இன்னொரு கேரியரோடு சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எட்டுக் குட்டி போட்டால் சரியாக இரண்டுக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒன்றுக்கும் வராமல் போகலாம், நான்குக்கும் வரலாம். சோதிக்காத ஆண் நாயோடு சேர்ப்பதும் இதே ஆபத்துதான்.

கேரியர்களை எல்லாம் ஒதுக்கினால் இனம் சுத்தமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது வேறு. நல்ல குணமும் நல்ல உடற்கட்டும் உள்ள நாய்கள் ஒரே ஒரு மரபணுவுக்காக வெளியேறும். மிச்சமிருக்கும் சில நாய்களையே திரும்பத் திரும்பச் சேர்ப்பார்கள். அப்புறம், இதுவரை யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்த வேறொரு நோய் மேலே வரும். உங்கள் நாயைக் கிளியர் ஆணோடு சேருங்கள், குட்டிகளைச் சோதியுங்கள், அடுத்த தலைமுறைக்கு முடிந்தவரை கிளியர் குட்டியைத் தேர்ந்தெடுங்கள். வாங்குபவர்களிடம் ரிப்போர்ட்டை மறைக்காமல் காட்டுங்கள்.

இந்த நோயின் கொடுமை என்னவென்றால், பல லேப்ரடார்களில் நான்கைந்து வயதுக்குப் பிறகுதான் அறிகுறி தெரியும். அதற்குள் அந்த நாய் பல முறை குட்டி போட்டிருக்கும். முதல் மேட்டிங்குக்கு முன்பே சோதித்தீர்களே, உங்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

'டி.என்.ஏ. டெஸ்ட் செய்த பெற்றோர்' என்று லேப் குட்டிகளை விளம்பரம் செய்கிறார்கள். நம்பி வாங்கலாமா? (வாசகர், சென்னை)

எந்த டெஸ்ட் என்று கேளுங்கள். டி.என்.ஏ. புரொஃபைல் என்பது அடையாளம். இது எந்த நாய், யாருடைய குட்டி என்று சொல்லும். நோயைப் பற்றி எதுவும் சொல்லாது. நோய்ப் பரிசோதனை வேறு. அதிலும், சோதித்த மரபணு மாற்றத்தைப் பற்றி மட்டுமே ரிப்போர்ட் பேசும். ஒன்றில் கிளியர் வந்ததால் நாய் எல்லாவற்றிலும் ஆரோக்கியம் என்று ஆகாது.

லேப்ரடாருக்கு பி.ஆர்.ஏ.வோடு இ.ஐ.சி., சி.என்.எம். இரண்டையும் பார்த்திருக்க வேண்டும். சி.என்.எம். தசை நோய், சில மாதக் குட்டியிலேயே தளர்ச்சி தெரியும். இ.ஐ.சி. விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பந்து எறிந்து விளையாடும்போது, ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் பின்னங்கால்கள் துவண்டு நாய் சரிந்துவிடும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தேறிவிடும், சில நாய்கள் இறந்தும் இருக்கின்றன. வெயிலும் புழுக்கமும் ஆபத்தைக் கூட்டும். டி.என்.எம்.1 என்ற மரபணுவின் மாற்றம்தான் காரணம் என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். இதுவும் இரண்டு பிரதி சேர்ந்தால் வருவதுதான்.

இடுப்பு மூட்டுக் கோளாறு பல மரபணுக்களும் தீனியும் எடையும் சேர்ந்து உருவாக்குவது. அதற்கு எக்ஸ்ரேதான் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் நாயின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஸ்கேனரால் சரிபார்க்கவும் மறக்காதீர்கள். எண் இல்லாத ரிப்போர்ட்டை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.

மேட்டிங் முடிந்த இரண்டாம் நாள் எங்கள் நாய் கட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே போய்விட்டது. பிறந்த ஆறு குட்டிகளில் இரண்டு வித்தியாசமாக இருக்கின்றன. ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் இருக்க முடியுமா? (வாசகி, மதுரை)

முடியும். ஒரே பருவத்தில் பல கருமுட்டைகள் வெளிவருகின்றன. ஆண் நாயின் விந்தணுவும் பெண் நாயின் உடலில் பல நாள் உயிரோடு இருக்கும். ஆறு குட்டிகள், தாய், நீங்கள் தேர்ந்தெடுத்த ஆண் நாய் எல்லாவற்றுக்கும் புரொஃபைல் எடுங்கள். டி.என்.ஏ.வில் சோதிக்கும் ஒவ்வொரு இடத்திலும் குட்டியின் ஒரு பாதி தாயிடமிருந்து வந்திருக்கும். மறு பாதி தகப்பனிடம் இருந்தே ஆக வேண்டும். பல இடங்களில் பொருந்தவில்லை என்றால் அந்த நாய் தகப்பன் இல்லை. தோற்றத்தை வைத்து இரண்டை மட்டும் சோதிக்காதீர்கள். மற்ற நான்கையும் பார்த்துவிட்டுத்தான் பதிவுக்கு அனுப்ப வேண்டும்.

பெற்றோர் இரண்டும் கிளியர். குட்டிக்கு மறுபடி செலவு செய்ய வேண்டுமா? (வாசகர், சேலம்)

அந்த நோய்க்கு வேண்டாம், பெற்றோர் அவைதான் என்று புரொஃபைல் உறுதி செய்திருந்தால். மேலே மதுரை வாசகி கேட்டதைப் பாருங்கள். தகப்பன் மாறினால் 'கிளியர்' என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லை. காகிதத்தை மட்டும் நம்பித் தலைமுறை தலைமுறையாகப் போகக் கூடாது. இரண்டு தலைமுறைக்கு ஒருமுறையாவது நேரடியாகச் சோதியுங்கள்.

எங்கள் கோலி இன நாய்க்குச் சொறி. ஐவர்மெக்டின் ஊசி போடலாமா? (வாசகர், ஊட்டி)

எம்.டி.ஆர்.1 சோதனை செய்யாமல் போடாதீர்கள். மூளைக்குள் நுழையும் சில மருந்துகளை வெளியே தள்ளும் புரதத்தை உருவாக்குவது இந்த மரபணு. கோலி வகை நாய்கள் பலவற்றில் இது பழுதாக இருப்பது 2001இல் தெரியவந்தது. அப்படிப்பட்ட நாய்க்குச் சொறிக்குக் கொடுக்கும் அளவில் ஐவர்மெக்டின் கொடுத்தால் தள்ளாட்டம், பார்வை இழப்பு, கோமா, மரணம் வரை போகும். இதயப்புழுத் தடுப்புக்கான அளவு மிகக் குறைவு என்பதால் அது பாதுகாப்பானது. மனிதர்கள் வயிற்றுப்போக்குக்குச் சாப்பிடும் லோபெரமைடும் இந்த நாய்களுக்கு ஆகாது. இங்கே ஒரு பிரதி பழுதாக இருந்தாலே எச்சரிக்கை தேவை. ரிப்போர்ட் வரும்வரை வேறு மருந்து கொடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். இப்போது மாற்று மருந்துகள் இருக்கின்றன.

டால்மேஷனுக்கு யூரிக் அமிலச் சோதனையில் இரண்டு பிரதியும் பழுது என்று வந்திருக்கிறது. கிளியர் ஜோடி எங்கே கிடைக்கும்? (வாசகர், திருச்சி)

கிடைப்பது கடினம். இரண்டு பிரதியும் பழுதானால் சிறுநீரில் யூரிக் அமிலம் கூடி, கல் உண்டாகலாம். கலப்பில்லாத டால்மேஷன் எல்லாமே இப்படித்தான். சரியான பிரதி அந்த இனத்துக்குள்ளேயே இல்லாமல் போய்விட்டது. 1973இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு டால்மேஷனைப் பாயின்டர் நாயோடு சேர்த்து, அந்தக் குட்டிகளைத் தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடு சேர்த்து, நல்ல பிரதியை மீட்டார். அந்த வழி வந்த நாய்களை அமெரிக்கன் கென்னல் கிளப் 2011இல் ஏற்றுக்கொண்டது. 'கலப்பு' என்று எதிர்த்தவர்கள் பலர். என்னைக் கேட்டால், ஒரு இனத்துக்குச் செய்த மிகப் பெரிய நன்மை அது.

உங்கள் நாய்க்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்க வேண்டும், ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி கூடாது. ஆண் நாய் சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ராஜபாளையம் குட்டிக்குக் காது கேட்குமா என்று டி.என்.ஏ. சொல்லுமா? (வாசகர், விருதுநகர்)

சொல்லாது. இந்த இனத்தில் வரும், வெள்ளை நிறத்தோடு தொடர்புடைய காது கேளாமைக்கு நம்பத்தக்க மரபணுப் பரிசோதனை இல்லை. ஒலி கேட்கும்போது மூளையில் எழும் மின் அலையைப் பதிவு செய்யும் பி.ஏ.இ.ஆர். என்ற கருவிச் சோதனையைக் குட்டிக்கு ஆறு வாரம் ஆனதும் செய்யலாம். கைதட்டிப் பார்த்தால் இரண்டு காதும் கேட்காத குட்டிதான் பிடிபடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி திரும்பிப் பார்த்துவிடும். பிறகு அதையே இனப்பெருக்கத்துக்கும் வைத்துக்கொள்வார்கள். அந்த வசதி உள்ள மருத்துவமனை தூரமாக இருந்தாலும், இனப்பெருக்கத்துக்கு வைக்கப்போகும் குட்டியையாவது அழைத்துப் போங்கள்.